ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கை

மனநல மருத்துவத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் குடும்ப வரைபடம் வரையும் வேகத்தைப் பார்த்து வியக்கிறேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மணமானவர்களுக்கு இடையே ஒரு கோடு, உறவுக்குள் மணமென்றால் இரட்டைக் கோடு. நோயுற்றவரைக் கறுப்பால் நிரப்பிவிட்டால் மூன்று தலைமுறைகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நானும் பணிக்காலம் முழுவதும் அப்படித்தான் வரைந்தேன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஒரு படத்தைப் பற்றி இன்று சொல்ல வேண்டும். அதில் ஒரு கோடுகூடத் தவறாக விழவில்லை. இருந்தும் என் நினைவிலிருந்து அகலாமல் இருப்பது அந்தப் படந்தான்.

செங்கல்பட்டில் நான் பணியாற்றிய மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு வாசலில் ஒரு முற்பகலில் பெருங்கூச்சல் கேட்டது. மறைமலைநகரில் ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிச்செல்லும் பேருந்து, வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தது. காவலாளி ஓட்டுநரை அதட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, இது உங்கூட்டு வாசலா? எட்றா வண்டிய!"

"அண்ணாத்த, அஞ்சு நிமிசம். பையன் எறங்க மாட்டேன்றான். எறக்கிட்டு எடுத்துடறேன்."

"எறங்கலன்னா நாலு பேரு தூக்கிகினு போங்கய்யா."

"தூக்கு, நானா வேணான்றேன்? எனக்கு ஒரு கடி ஆச்சு. அடுத்தது உன்னுது." ஓட்டுநர் தம் முன்கையைத் திருப்பிக் காட்டினார். பல் பதிந்த தடம் சிவந்திருந்தது. காவலாளி இரண்டடி பின்வாங்கினார்.

நோயாளி இறங்கி வரவில்லையென்றால் மருத்துவர் ஏறிப் போகலாம் என்று எண்ணி நான் பேருந்தில் ஏறினேன். ஓட்டுநருக்கு நேர் பின்னாலிருந்த இருக்கையில், முன்கம்பியை இரு கைகளாலும் இறுகப் பற்றியபடி பதினெட்டு வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் அமர்ந்திருந்தான். பெயர் லோகேஷ். பக்கத்தில் அவன் தாய் சாந்தி. பின்னிருக்கையில் அவனைவிடச் சற்று மூத்த அக்கா பவித்ரா. ஓட்டுநர் குமரேசன், சாந்தியின் கடைசித் தம்பி.

"மாமா, மேடத்துக்கு ஒரு டிக்கெட் போடு" என்றாள் பவித்ரா.

"கம்பெனி வண்டில டிக்கெட்டு இன்னாடி? மேடம், நீங்க ஓசிலயே வாங்க" என்றார் குமரேசன். இருவரும் சிரித்தார்கள். லோகேஷும் சிரித்தான், ஆனால் அவர்கள் நிறுத்திய பிறகும் அவன் நிறுத்தவில்லை.

பள்ளியிறுதி வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் அவன். திடீரெனக் காதில் குரல்கள் கேட்பதாகச் சொன்னான். தேர்வில் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தான். மனச்சிதைவு நோய் என்று முடிவுசெய்து வேறிடத்தில் இரண்டாண்டுகள் மருந்து கொடுத்திருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வயதில் அந்த அறிகுறிகளுடன் வரும் பெரும்பாலோருக்கு அது சரியான முடிவே. அண்மைக்காலமாகப் படியில் கால் இடறுகிறது என்று தாய் சொன்னார். மருந்தின் விளைவாக இருக்கலாம் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். நான் அந்த இருக்கையிலேயே அவன் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கால் துள்ளவில்லை. மறு காலும் துள்ளவில்லை. எங்கள் மருந்துகள் நடையைத் தளர்த்தும், உடலை விறைக்கச் செய்யும். அந்தத் துள்ளலை அவை பறிப்பதில்லை.

மூளைப் படம் எடுத்தோம். மூளையின் வெண்பொருள் இருபுறமும் ஒரே விதமாக மாறியிருந்தது. இரத்தப் பரிசோதனைகள் ஐயத்தைத் தீர்த்தன. அந்நோயின் நீண்ட பெயரை நீங்கள் அறிவீர்கள். இங்கே அது வேண்டாம். அதன் பொருளை மட்டும் சொல்கிறேன்.

நான் மாணவியாக இருந்தபோது, நியூரான் என்னும் நரம்புச் செல்களைச் சூழ்ந்திருக்கும் கிளியா செல்களைப் பற்றிய பாடம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அவை பசை, நியூரான்களுக்கு இடையில் அடைத்துவைத்த வைக்கோல், கண்ணாடிப் பாத்திரம் உடையாமல் இருப்பதற்காக வைத்தது என்ற அளவில்தான் கற்பித்தார்கள். நீங்கள் அப்படிப் படிக்கவில்லை. வளரும் மூளையில் அவற்றுள் ஒரு வகை, நியூரான்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களுக்கு ஊட்டமளித்துக் கழிவகற்றுகிறது. ஒரு வகை, விடலைப் பருவத்தில் தேவைக்கு மிஞ்சிய தொடர்புகளைக் கத்தரித்துச் சீர்செய்கிறது. ஒரு வகை, நியூரானின் நீண்ட இழையைக் கொழுப்பு உறையால் சுற்றுகிறது. நெற்றிப் பகுதியில் இந்த உறை சுற்றும் வேலை இருபது வயதைக் கடந்தும் முடிவதில்லை. மனச்சிதைவு அந்த வயதில் ஏன் தலைகாட்டுகிறது என்ற கேள்விக்கு இந்தச் செல்களிடமும் பாதி விடை இருக்கலாம் என்று இன்று ஐயுறுகிறோம். லோகேஷின் நோயில் ஐயத்துக்கு இடமில்லை. ஒரு நொதி இல்லாத குறையால் அவனுடைய உறைகள் கரைந்துகொண்டிருந்தன. நியூரான்கள் தொடக்கத்தில் நன்றாகவே இருந்தன. அவற்றைச் சூழ்ந்திருந்தவை கைவிட்டதால்தான் அவையும் வீழத் தொடங்கின.

அவனைக் குணப்படுத்த வழியில்லை என்று சாந்தியிடம் சொன்னேன். அவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு, "இன்னும் எத்தினி நாளு எங்கூட இருப்பான்?" என்று கேட்டார். சில ஆண்டுகள் என்றேன். "அதுவே போதும், டாக்டரம்மா" என்றார்.

அன்றுதான் குடும்ப வரைபடத்தை முழுமையாக வரைந்தேன்.

"உங்க கணவர் உறவா?"

"அத்த பையன். லாரில அடிபட்டுப் பூட்டாரு. அப்பலேர்ந்து எங்க தம்பிதான் எங்கூட வூட்ல கீறான்."

"பவித்ராவுக்குக் கல்யாணம்?"

"அவளுக்கும் எங்க தம்பிதான். வைகாசில வெச்சிகீறோம். வெளில குடுத்தா இவன யாரு பாத்துக்கறது, சொல்லுங்க?"

பவித்ராவின் வட்டத்துக்கும் குமரேசனின் சதுரத்துக்கும் இடையே இரட்டைக் கோட்டைப் புள்ளிகளால் வரைந்தேன். தாய் கடைசியாகச் சொன்ன வாக்கியம் காதில் விழுந்தது. அதற்கு வரைபடத்தில் குறியீடு இல்லை.

பவித்ராவைப் பரிசோதிக்க வேண்டியது அவசரம் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. உடன்பிறந்தவள் என்பதால் அவளுக்கும் அந்நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அறிகுறி தோன்றுவதற்கு முன்பே கண்டறிந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றம் உதவக்கூடும். கொடையாளியின் செல்கள் மூளைக்குச் சென்று அங்கே காவல் செல்களாகக் குடியேறி, இல்லாத நொதியைச் சுரக்கும். ஒருவருடைய மூளையில் இன்னொருவர் தந்த செல்கள் பராமரிப்பாளராக வாழ முடியும் என்பதை முதன்முதலில் படித்தபோது நான் அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை. மணம் முடிவாகியிருந்ததால் குமரேசனையும் பரிசோதிக்கச் சொன்னேன்.

"நான் கடிச்சா பரவால்லியா மேடம்?" என்று இரத்தம் எடுக்குமிடத்தில் கேட்டார் குமரேசன்.

"மாமாவுக்கு வாயக் கட்டிட்டு எடுங்க" என்றாள் பவித்ரா. அவளுக்கு இரத்தம் எடுத்தபோது அவள் பற்றிக்கொண்டது அவருடைய சட்டைக் கையை.

முடிவுகள் வந்தன. பவித்ராவுக்கு நோய் இல்லை. ஆனால் நோய்க்குக் காரணமான பழுதுபட்ட மரபணுவின் ஒரு பிரதி அவளிடம் இருந்தது, குமரேசனிடமும் இருந்தது. தனித்தனியே இருவருக்கும் அதனால் ஒரு தீங்கும் இல்லை.

நான்கு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னேன். நற்செய்தியை முதலில் சொன்னேன், சாந்தி கைகூப்பினார். அடுத்து, இவர்கள் மணந்துகொண்டால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் லோகேஷின் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்றேன். எப்படி என்று படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாக, எளிய சொற்களில், பாடநூல் கூறும் முறைப்படியே விளக்கினேன். அதன் பிறகு, கருவிலேயே பரிசோதித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, ஆகவே திருமணத்தை நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரிடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. சாந்தி அதற்குள் எழுந்துவிட்டிருந்தார். "எங்க ரத்தமே வெசமா, டாக்டரம்மா?" என்றார். இல்லை, இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பவித்ரா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமரேசன் லோகேஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறக்காத பிள்ளையை அவன் முகத்தில் பார்த்தாரோ என்னவோ. வாசலில் பேருந்தில் ஏறும்போது யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

மணம் நின்றுவிட்டதாக ஒரு செவிலியர் வழியாகக் கேள்விப்பட்டேன். வருந்தினேன் என்றாலும், உண்மையை அறிந்து எடுத்த முடிவு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த முறை சாந்தி மகனை ஷேர் ஆட்டோவில் அழைத்துவந்தார். அவன் தோள் எலும்புகள் சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்தன. விழுங்கும் திறன் போய்விட்டதோ என்று அஞ்சிச் சோதித்தேன். தண்ணீரை அவன் ஒழுங்காகவே விழுங்கினான்.

"வண்டி இல்லாம சாப்புட மாட்டேன்றான், டாக்டரம்மா."

"எந்த வண்டி?"

முதல் ஷிஃப்ட் ஆட்களைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டுக் குமரேசன் பேருந்தை ஊருக்குக் கொண்டுவந்து ஏரிக்கரையில் நிறுத்துவாராம். நண்பகலில் லோகேஷ் அதில் ஏறி ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் அமர்ந்துகொள்வான். குமரேசன் தம் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து தயிர்ச்சோற்றைப் பிசைவார். ஒவ்வொரு கவளமும் ஒரு நிறுத்தம். "சிங்கப்பெருமாள்கோயில் வந்துச்சு, கதவத் தொற" என்றால் அவன் வாயைத் திறப்பான். "ஏறிட்டாங்க, ரைட்டு" என்றால் மென்று விழுங்குவான். மறைமலைநகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி என்று போய், நன்றாகப் பசித்த நாளில் தாம்பரம் வரைக்கும் வண்டி ஓடும். சொற்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்த அவனுக்கு அந்த ஊர்ப்பெயர்கள் மட்டும் எஞ்சியிருந்தன.

"நீங்க அதே மாதிரி சொல்லிப் பாக்கலையா?"

"சொன்னேனே. நான் சொன்னா சிங்கப்பெருமாள்கோயில்லயே எறங்கிட்றான்."

"குமரேசன் எங்கே?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியாதா என்ற வியப்பு. "புதுப்பட்டினத்துல ரூம் எடுத்துகினு கீறான். அங்க இஸ்கூல் வேன் ஓட்றான். கட்டிக்கப் போறவன்னு சொல்லித்தான் இத்தினி நாளு ஊரு வாய மூடிகினு இருந்துச்சு. இப்ப கல்யாணம் நின்னுபோச்சு. வயசுப் பொண்ணு கீற வூட்ல அவன் இன்னான்னு சொல்லிகினு இருப்பான்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மரபணுவின் ஆபத்தாகப் பார்த்த அந்தப் புள்ளியிட்ட இரட்டைக் கோடு, அந்த வீட்டுக்குக் கூரையாக இருந்தது. அதன் கீழேதான் ஓர் ஆண் தங்க முடிந்தது. ஒரு பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகாமல் இருக்க முடிந்தது. ஒரு நோயாளி பசியாற முடிந்தது. வெளியில் கொடுத்தால் இவனை யார் பார்த்துக்கொள்வது என்று அந்தத் தாய் என்னிடம் சொல்லியிருந்தார். நியூரானை அதன் சுற்றத்திலிருந்து பிரித்துப் பார்க்காதீர்கள் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வகுப்பெடுத்தவள் நான். நோய்க்கூறு எந்தச் சதுரத்தில் இருக்கிறது, எந்த வட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவனுக்கு யார் ஊட்டுகிறார்கள், அவர் எந்த உரிமையில் அந்த வீட்டில் இருக்கிறார் என்று கேட்கவில்லை.

அந்த வாரமே புதுப்பட்டினத்துக்குப் போனேன். மீன் அங்காடியை ஒட்டிய தெருவில் குமரேசன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை நிறுத்தினார்.

"நீங்க சொன்னது தப்பில்ல மேடம். அதுக்குன்னு இவ்ளோ தூரம் வரணுமா?"

"லோகேஷ் சாப்பிட மாட்டேங்கிறான், குமரேசன்."

அவர் ஈரக் கையைத் துணியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "எந்த ஸ்டாப்பு வரிக்கும் போறான்?"

"சிங்கப்பெருமாள்கோயில்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேனின் பின்புறம் போய், சுத்தமாகவே இருந்த கண்ணாடியைத் தேய்த்தார்.

நான் அன்று கடைசியாகச் சொன்னதை மீண்டும் சொன்னேன்: கருவிலேயே பார்க்க முடியும், பிள்ளையே வேண்டாமென்று முடிவெடுத்தும் வாழலாம், மணத்தை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை.

"இத அன்னிக்கே சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எங்காதுல வுழல மேடம்." துணியைப் பிழிந்து உதறினார். "இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, எங்க ரத்தத்துல நோவு கீதுன்னு. அக்கா எம் மூஞ்சியப் பாக்கவே பயப்படுது. பவிக்கு வெளில ஒரு நல்ல எடம் அமையணும்னு கோயில் கோயிலா சுத்துது. நடுவுல நான் போய் நின்னா அதுவும் அமையாது."

"பவித்ரா என்ன சொல்றா?"

"அவ இன்னா சொல்றது? ஒண்ணும் சொல்லல. அதான் பேஜாரு."

ஆனாலும் வருவதற்கு ஒப்புக்கொண்டார். வீட்டுப் படி ஏறுவதில்லை, பவித்ராவிடம் பேசுவதில்லை என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டபின் வேனைக் கொண்டுபோய்த் தெருமுனையில் நிறுத்தி ஒலியெழுப்புவார். பவித்ரா தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்காரவைப்பாள். வண்டி மறுபடியும் தாம்பரம் வரைக்கும் போனது என்று சாந்தி வந்து சொன்னார். அவனுடைய எடை சற்று ஏறியது. நாங்கள் கொடுத்த எந்த மருந்தும் அதைச் செய்யவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் நான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாகக் குடிவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குமரேசன் லோகேஷைக் கடற்கரைக்கு அழைத்துவருவார். அவனைத் தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்பதால் பவித்ராவும் வருவாள். போகும் வழியில் என் வீட்டு வாசலில் வேன் நிற்கும். ஒருநாள் நானும் ஏறிக்கொண்டேன். அதற்குள் லோகேஷுக்குப் பேச்சு முழுவதும் நின்றுவிட்டிருந்தது. எதைப் புரிந்துகொண்டான், எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

மணலில் துண்டு விரித்து அவனை நடுவில் உட்காரவைத்தார்கள். ஒருபுறம் பவித்ரா, மறுபுறம் குமரேசன். இருவரும் கடலைப் பார்த்திருந்தார்கள்.

"லோகு, மாமா காலைல நாஸ்தா துன்னுச்சான்னு கேளு" என்றாள் பவித்ரா.

"லோகு, துன்னேன்னு சொல்லு. நாலு இட்லி."

"நாலு இட்லி துன்ற மூஞ்சியப் பாருன்னு சொல்லு, லோகு. கன்னம் ஒட்டிப்போயி கீது."

"ஏன்டா லோகு, உங்கக்கா வேலைக்குப் போற எடத்துல ஒயுங்கா சம்பளம் போட்றானுங்களான்னு கேளு."

"அதெல்லாம் போட்றானுங்க. மாமா சட்டைல பட்டன் ஒண்ணு போயிகீது, தெச்சுக்கச் சொல்லு."

லோகேஷ் ஒருவர் பக்கமும் திரும்பவில்லை. அலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பேசுவதில்லை என்று குமரேசன் கொடுத்த வாக்கை இருவருமே மீறவில்லை. நான் சற்றுத் தள்ளி எழுந்துபோய் நின்றுகொண்டேன்.

பவித்ராவுக்கு வெளியில் ஓரிடமும் அமையவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் தம்பியைப் பற்றி விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். சாந்தியைச் சந்தித்துத் திருமணத்தைப் பற்றி இரண்டு முறை பேசிப் பார்த்தேன். ஒரு மருத்துவரின் வாயிலிருந்து வந்த முதல் சொல்லை அதே மருத்துவரின் பின்சொற்களால் அழிக்க முடியாது என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். "நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, டாக்டரம்மா. அன்னிக்கும் நல்லதுக்குத்தான் சொன்னீங்க" என்றார் அவர்.

மீண்டும் அப்படி ஒரு குடும்பம் வந்தால் நான் பரிசோதனையைத் தவிர்க்கமாட்டேன்; உண்மையை மறைக்கவும் மாட்டேன். ஆனால் ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து, வாழ வழியிருக்கிறது என்பதை முதலில் சொல்வேன். ஆபத்தை அதற்குப் பிறகு சொல்வேன். அதற்கும் முன்பாக ஒரு நண்பகலில் அந்த வீட்டுக்குப் போய், யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் லோகேஷுக்கு நுரையீரலில் சளி கட்டியது. இரண்டாவது வாரம் அவன் போய்விட்டான். செய்தி கேட்டு அவர்கள் ஊருக்குப் போனேன். தெருமுனையில் வேன் நின்றிருந்தது. தாய்மாமன் செய்ய வேண்டிய சடங்குகளுக்காகக் குமரேசன் அன்றுதான் அந்த வீட்டுப் படியேறினார். எல்லாவற்றையும் செய்துமுடித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வேனை நோக்கி நடந்தார்.

பவித்ரா வாசலில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் வேனில் ஏறுவதையும், திரும்பிப் பின்னிருக்கையை ஒருமுறை பார்ப்பதையும், வண்டியைக் கிளப்புவதையும் பார்த்தாள். வேன் திரும்பி மறைந்த பிறகு என் கையைப் பிடித்தாள்.

"காலைலேர்ந்து மாமா ஒண்ணுமே துன்னல மேடம்" என்றாள். "இனிமே துன்னுச்சான்னு நான் யாருகிட்ட கேக்கச் சொல்றது?"